சுறாத் துடுப்பின் விலை எங்கே தீர்மானமாகிறது?

சுறாத் துடுப்பு சூப்பில் மிதக்கும் இழைக்குச் சுவை கிடையாது. எலும்புள்ள மீன்களின் துடுப்பை எலும்பு முட்கள் தாங்கி நிற்கின்றன. சுறாவுக்கு எலும்பே இல்லை. அதன் உடற்கூடு முழுவதும் குருத்தெலும்பு. அதன் துடுப்பை விறைப்பாக வைத்திருப்பவை கொலாஜனை ஒத்த எலாஸ்டாய்டின் என்ற புரதத்தாலான நுண்ணிழைகள். காய்ந்த துடுப்பை ஊறவைத்து, தோலை உரித்து, குருத்தெலும்பை நீக்கி, திரும்பத் திரும்ப வேகவைத்தால் இந்த இழைகள் மட்டும் மிஞ்சும். பார்வைக்குச் சேமியா போலிருக்கும்; பல்லில் வழுக்கிக்கொண்டே லேசாக நறுக்கென்று கடிபடும். கிண்ணத்தில் இருக்கும் ருசி அத்தனையும் கோழியையும் பன்றித் தொடைக்கறியையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுத்த சாற்றிலிருந்து வருகிறது.

ருசிக்காக விரும்பப்படும் உணவு ஒன்றைக் கைவிடச் செய்வது கடினம். மரியாதைக்காகப் பரிமாறப்படும் உணவின் கதை வேறு. அந்த மரியாதை இடம் மாறினால் உணவும் மாறிவிடும். சுறாவைக் காப்பாற்ற நினைப்பவர்கள் கடலை மட்டும் பார்க்காமல் விருந்து மேசையையும் பார்க்கத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

சீனத்தில் மிங் அரசமரபுக் காலத்திலிருந்தே துடுப்பு செல்வர் வீட்டு விருந்துக்கு உரியதாக இருந்தது. அபலோனி, கடல் அட்டை, மீனின் உலர்ந்த காற்றுப்பை ஆகியவற்றோடு சேர்த்து விருந்தின் நான்கு பெரும் பொருள்களில் ஒன்றாக அதை எண்ணினார்கள். 1949-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு ஆடம்பரத்துக்கு எதிரான அரசியலில் அது பின்னுக்குப் போனது. 1980-களில் சீனப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது கையில் புதிதாகப் பணம் வந்த நடுத்தர வகுப்பு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அரண்மனைப் பண்டமாக இருந்தது கல்யாண மண்டபப் பண்டமாயிற்று. சுறாக்களுக்கு நேர்ந்த பேரழிவின் தொடக்கத்தை இந்த மாற்றத்தில்தான் தேட வேண்டும். சில நூறு மேசைகளுக்கு வேண்டிய துடுப்பைக் கடல் தாங்கியிருக்கும். கோடிக்கணக்கான மேசைகளுக்கு வேண்டியதைத் தாங்க முடியாது.

மலேசியாவில் இந்த மேசைகளைப் பார்க்கக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் கிந்தா மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. ஈயச் சுரங்கங்களாலும் ரப்பர்த் தோட்டங்களாலும் வளர்ந்த பள்ளத்தாக்கு அது. ஈப்போ நகரும் அதற்கு வடக்கே உள்ள செமோரும் அந்த வளர்ச்சியில் உருவான ஊர்கள். சுரங்கத்துக்கு வந்த கண்டோனிய, ஹக்கா குடும்பங்களின் வழித்தோன்றல்களும் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்களும் இங்கே அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாண விருந்துக்கு மற்றவர் போகிறார். சீனக் கல்யாண விருந்தில் மேசைக்குப் பத்துப் பேர் அமர்வது வழக்கம். முதலில் நான்கு வகைப் பண்டங்கள் அடுக்கிய தட்டு வரும். அதை அடுத்துத் துடுப்பு சூப் வர வேண்டும் என்பது நெடுநாள் எதிர்பார்ப்பு. விருந்தினர் அங்பாவ் எனும் பண உறையைக் கொடுக்கிறார்கள். அதற்கு ஈடாக விருந்தளிப்பவர் தம் கௌரவத்தை மேசையில் வைக்கிறார். சூப் வராத மேசையைப் பார்த்து, மணமக்களின் பெற்றோர் கையைச் சுருக்கிவிட்டார்கள் என்று உறவினர் நினைப்பார்களோ என்ற அச்சமே அந்தக் கிண்ணத்தை இத்தனை காலம் காப்பாற்றி வந்திருக்கிறது.

உலகத் துடுப்பு வணிகத்தில் மலேசியா சிறிய நாடு அல்ல. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2015-இல் வெளியிட்ட உலகச் சந்தை அறிக்கை, சீனா, ஹாங்காங், சிங்கப்பூர், தைவான் ஆகியவற்றோடு மலேசியாவையும் முன்னணி வணிகர்கள், நுகர்வோர் வரிசையில் வைத்தது. சுறா பிடிக்கும் நாடுகளின் பட்டியலிலும் மலேசியா முதல் இருபதுக்குள் வருகிறது. பட்டியலின் உச்சியில் இருப்பது இந்தோனேசியா; இந்தியாவும் முன்வரிசையில் உள்ளது.

சுறா மீனினத்தைச் சேர்ந்தது என்றாலும் அதன் வாழ்க்கைக் கணக்கு மீனின் கணக்கல்ல. கெம்போங் மீனோ நெத்திலியோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓரிரு ஆண்டில் முதிர்ந்துவிடும். வலையில் எவ்வளவு போனாலும் மிஞ்சியவை விரைவில் இடத்தை நிரப்பும். சுறாக்களின் இனப்பெருக்கம் பாலூட்டிகளின் வழக்கத்தை ஒத்தது. உள்கருத்தரிப்பு, நீண்ட கர்ப்பம், கொஞ்சம் குட்டிகள், தாமதமான முதிர்ச்சி. டஸ்கி சுறா எனப்படும் பெருஞ்சுறா முதிர்வதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகின்றன. அதன் கர்ப்பம் இரண்டு ஆண்டுகள் வரை நீளும். ஒரு பேற்றில் 3 முதல் 14 குட்டிகள். சுத்தியல் தலை கொண்ட கொம்பன் சுறாவின் ஓர் இனம் ஒரு பேற்றில் 12 முதல் 40 குட்டிகள் வரை ஈனும் என்றாலும், தாய் அந்தப் பருவத்தை அடையப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். குட்டிகளில் பெரும்பகுதி கரையோர ஆழமில்லா நீரிலேயே பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

ஆகவே முதிர்ந்த ஒரு பெண் சுறா பிடிபடும்போது இழக்கப்படுவது ஒரு மீன் மட்டும் அல்ல. அது இனி ஈனவிருந்த எல்லாப் பேறுகளும் சேர்ந்தே போகின்றன. சந்தை விரும்புவதோ பெரிய துடுப்பை. இழை நீளமாகவும் தடிமனாகவும் இருந்தால் விலை கூடும். அது முதிர்ந்த, பெரிய உடலிலேயே கிடைக்கும். கொம்பன் சுறா, திருக்கையின் உறவான உழுவை மீன் போன்றவற்றின் துடுப்புக்கு வணிகத்தில் தனி மதிப்பு உண்டு. அவையே அழிவின் விளிம்பில் முன்வரிசையில் நிற்கின்றன. இனத்தைத் தாங்கி நிறுத்தும் உயிர்களையே தேடித் தேடி எடுக்கும் வணிகம் இது. மீன்வள அறிவியலில் இதைவிட மோசமான பிடிப்பு முறையைக் கற்பனை செய்வது கடினம்.

ஒரு சுறாவிலிருந்து விலைபோகும் துடுப்புகள் முக்கியமாக நான்கு: முதல் முதுகுத் துடுப்பு, இரு மார்புத் துடுப்புகள், வால்துடுப்பின் கீழ்மடல். உடல் எடையில் துடுப்புகளின் பங்கு சுமார் 5 விழுக்காடு. காய்ந்தால் இன்னும் குறையும். ஆழ்கடலில் வாரக்கணக்கில் இருக்கும் படகுக்கு இந்த விகிதமே தூண்டுதலாகிறது. மலிவான உடல் பனிக்கட்டி அறையின் இடத்தை அடைத்துக்கொள்ளும். துடுப்புக்குச் சிறு சாக்கு போதும். எனவே துடுப்பை அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் தள்ளும் வழக்கம் உருவானது. பல சுறா இனங்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள் வழியே நீர் ஓடும். துடுப்பிழந்த சுறா உயிரோடு அடியில் மூழ்கி மூச்சடைத்துச் சாகிறது.

எத்தனை சுறாக்கள் இந்தச் சந்தைக்குப் போகின்றன என்பதை ஹாங்காங் ஏலக் கணக்குகளைக் கொண்டு ஷெல்லி கிளார்க் குழுவினர் 2006-இல் மதிப்பிட்டார்கள். ஆண்டுக்கு 2 கோடியே 60 லட்சம் முதல் 7 கோடியே 30 லட்சம் வரை என்பது அவர்கள் சொன்ன வீச்சு; நடு மதிப்பு 3 கோடியே 80 லட்சம். துடுப்பு, இறைச்சி, தற்செயல் பிடிப்பு எல்லாம் சேர்த்து மனிதர் கொல்லும் சுறாக்கள் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி என்று போரிஸ் வோர்ம் குழுவின் 2013 ஆய்வு கூறியது. விளைவையும் அளந்திருக்கிறார்கள். 1970-க்குப் பிறகு திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 விழுக்காடு சரிந்துவிட்டது என்று 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதே ஆண்டின் மற்றொரு மதிப்பீடு, சுறா, திருக்கை, அவற்றின் நெருங்கிய உறவினங்கள் ஆகியவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை அழியும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் நிலைத்துவந்த குலம் ஐம்பதே ஆண்டுகளில் இந்த நிலைக்கு வந்திருக்கிறது.

அரசுகள் சும்மா இருந்துவிடவில்லை. மலேசியா 1999-இல் அழிநிலை மீன்களுக்கான விதிமுறைகளை இயற்றித் திமிங்கலச் சுறாவையும் வேளா மீனையும் பாதுகாத்தது. 2019-இல் அந்தப் பட்டியலில் இரு கொம்பன் சுறா இனங்கள், அவற்றின் உறவினமான அகன்ற தலைச் சுறா, பெருங்கடல் வெண்முனைச் சுறா, இரு மாந்தாத் திருக்கைகள் சேர்ந்தன. சுறாக்களுக்கான தேசியச் செயல்திட்டம் 2006-இலும், திருத்திய இரண்டாவது திட்டம் 2014-இலும் வந்தன. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 2013-இல் பேங்காக் மாநாட்டில் கொம்பன்களையும் வெண்முனைச் சுறாவையும் பட்டியலிட்டது. 2022-இல் பனாமா மாநாட்டில் துடுப்புச் சந்தையின் முதுகெலும்பான ரெக்கியம் சுறாக் குடும்பம் முழுவதையும் சேர்த்துக்கொண்டது. இந்தப் பட்டியலில் உள்ளவற்றை ஏற்றுமதி செய்ய வேண்டுமானால், இனத்துக்குக் கேடில்லாமல் பிடிக்கப்பட்டவை என்று அந்த நாட்டு அறிவியல் அமைப்பு சான்றளிக்க வேண்டும்.

சட்டம் மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தியாவின் அனுபவம் நல்ல பாடம். 2001 ஜூலையில் இந்திய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியைக் கொல்வதற்கு என்ன தண்டனையோ அதுவே எந்தச் சுறாவைப் பிடித்தாலும் என்றாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் போல ஆழ்கடல் சுறாப் பிடிப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது ஒரே இரவில் பிழைப்பைக் குற்றமாக்கிய ஆணை. எதிர்ப்பு வலுத்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே பட்டியல் திமிங்கலச் சுறா, கங்கைச் சுறா, வேளா மீன்கள் உள்ளிட்ட ஒரு சில இனங்களாகச் சுருக்கப்பட்டது. 2013-இல் சுறாவைத் துடுப்பு ஒட்டியிருக்கும் முழு உடலாகவே கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கொள்கை வந்தது. 2015 பிப்ரவரியில் எல்லா இனங்களின் துடுப்பு ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது.

வாங்குபவர் கடல் கடந்து காத்திருந்தவரை வணிகம் நின்றுவிடவில்லை, மறைந்து நடந்தது. 2018 செப்டம்பரில் மும்பையிலும் குஜராத்திலும் வருவாய்ப் புலனாய்வுத் துறை சுமார் 8 டன் துடுப்பைக் கைப்பற்றியது. அவை சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் போகவிருந்தவை. 2020-இல் ஹாங்காங் சுங்கத் துறை எக்குவடோரிலிருந்து வந்த இரு கொள்கலன்களில் 26 டன் துடுப்பைப் பிடித்தது. அதற்காக 38,500 சுறாக்கள் இறந்திருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அறுத்துக் காயவைத்த துடுப்பைப் பார்த்து இனம் சொல்வதற்குப் பயிற்சி வேண்டும். தோலுரித்து இழையாகப் பிரித்துவிட்டால் மரபணுச் சோதனை ஒன்றே வழி. மூட்டை மூட்டையாகக் கடந்துபோகும் சரக்கில் ஒவ்வொரு துண்டையும் எந்தச் சுங்க அதிகாரியும் சோதிக்க இயலாது.

சட்டம் மட்டும் போதாது என்ற உண்மையை 2024-இல் ‘சயன்ஸ்’ இதழில் வோர்ம் குழுவினர் எண்ணால் எழுதிக் காட்டினார்கள். துடுப்பு அறுப்பதற்கு எதிரான சட்டங்கள் பத்து மடங்கு பெருகிய காலத்திலேயே, 2012-க்கும் 2019-க்கும் இடையில், மீன்பிடியில் இறக்கும் சுறாக்கள் ஆண்டுக்குக் குறைந்தது 7 கோடியே 60 லட்சத்திலிருந்து 8 கோடியாக உயர்ந்தன. அவற்றில் சுமார் இரண்டரைக் கோடி, அபாயப் பட்டியலில் உள்ள இனங்கள். துடுப்பு அறுப்புத் தடை, சுறாவை எப்படிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்கிறது. எத்தனை சுறாக்களைப் பிடிக்கலாம் என்று சொல்வதில்லை. முழு உடலையும் கொண்டுவரக் கட்டாயப்படுத்தியதால் இறைச்சிக்கும் புதிய சந்தைகள் வளர்ந்தன.

வாங்குபவரை மாற்ற முடியுமா என்ற கேள்விக்குச் சீனாவே முதல் பெரிய விடையைத் தந்தது. 2006-இல் கூடைப்பந்து வீரர் யாவ் மிங், வைல்ட்எய்ட் என்ற அமைப்பின் விளம்பரங்களில் தோன்றித் துடுப்பு சூப்பை மறுத்தார். ஆரம்பத்தில் உணவகத் தொழிலிலிருந்து எதிர்ப்பு வந்தது. ஆனால் அந்த விளம்பரங்கள் ஆண்டுக்கணக்கில் தொலைக்காட்சியிலும் ரயில் நிலையங்களிலும் வந்துகொண்டே இருந்தன. வாடிக்கையாளர் பலருக்குத் தாம் குடிப்பது சுறாவிலிருந்து வருகிறது என்பதே தெரியாமல் இருந்தது. சீன மொழியில் அந்த உணவின் பெயர் மீனை மட்டும் சொல்கிறது, சுறாவைச் சொல்வதில்லை. அறியாமை நீங்கியதே முதல் வெற்றி.

அடுத்த அடி மேலிடத்திலிருந்து விழுந்தது. 2012 ஜூலையில் சீன அரசு மூன்றாண்டுக்குள் அரசு விருந்துகளிலிருந்து துடுப்பை நீக்குவதாக அறிவித்தது. அந்த ஆண்டு இறுதியில் ஆடம்பரச் செலவுக்கு எதிரான கட்சி நடவடிக்கை தொடங்கியது. 2013 டிசம்பரில் அரசு வரவேற்புகளுக்கான விதிகளில் துடுப்பும் பறவைக் கூடும் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டன. ஹாங்காங் அரசும் அதே ஆண்டு தன் விருந்துகளில் அதை நிறுத்தியது. வைல்ட்எய்ட் 2014-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குவாங்சோ நகரத்துத் துடுப்பு வணிகர்கள் தங்கள் விற்பனை 82 விழுக்காடு விழுந்துவிட்டதாகக் கூறினார்கள். யாவ் மிங்கும் கட்சி ஆணையும் தனித்தனியாக எவ்வளவு சாதித்தன என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கின என்பதே பொருத்தமான வாசிப்பு. ஆணை வந்தபோது மக்கள் மனம் அதற்கு இணங்கத் தயாராக இருந்தது. அதிகாரி மேசையிலிருந்து துடுப்பு மறைந்தபோது, துடுப்பு இல்லாத மேசை ஏழையின் மேசை என்ற எண்ணமும் ஆட்டம் கண்டது.

விருந்து நடக்கும் இடங்களும் இதில் பங்கெடுத்தன. பெனின்சுலா ஹோட்டல்கள் 2012 ஜனவரி முதல் துடுப்பு பரிமாறுவதை நிறுத்தின. ஷாங்ரிலா குழுமமும் அதே மாதம் அறிவித்தது. சிங்கப்பூரில் கோல்ட் ஸ்டோரேஜ், ஃபேர்பிரைஸ் போன்ற பல்பொருள் அங்காடிகள் அலமாரியிலிருந்து அகற்றின. கேத்தே பசிபிக் விமான நிறுவனம் 2016-இல் துடுப்புச் சரக்கை முற்றாக மறுத்தது. ஒரு பெரிய ஹோட்டல் எடுக்கும் முடிவு பெற்றோரின் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கிவிடுகிறது. மண்டபமே பரிமாறுவதில்லை என்றான பிறகு, கையைச் சுருக்கியவர் என்ற பழி யார்மீதும் வருவதில்லை. பரப்புரையாளர்கள் அதிகம் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய நெம்புகோல் இது. தனித்தனி விருந்தினரிடம் கிண்ணத்தை ஒதுக்கச் சொல்வதில் பயன் குறைவு. அவர் ஒதுக்கினாலும் சூப்புக்குப் பணம் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது. சுறா ஏற்கெனவே செத்துவிட்டது. முடிவு எடுக்கப்படும் நேரம் கல்யாணத்துக்குப் பல மாதங்களுக்கு முன், உணவுப் பட்டியலைப் பேசி மேசை விலையை ஒத்துக்கொள்ளும் நாள்.

மலேசியாவில் இந்த வேலை 2007-இலேயே தொடங்கியது. அந்த ஆண்டு இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சு தன் அதிகாரபூர்வ விருந்துகளிலிருந்து துடுப்பு சூப்பை நீக்கியது. சீன அரசு இதே முடிவுக்கு வர இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன. பின்னர் மலேசிய உலக இயற்கை நிதியம் போன்ற அமைப்புகள் மணமக்களையும் உணவகங்களையும் நோக்கிப் பேசத் தொடங்கின. சபா மாநிலத்தில் சுற்றுலா முக்குளிப்புத் தொழில் செய்பவர்கள் இதில் முன்னணியில் நின்றார்கள். உயிருள்ள சுறாவைப் பார்க்கவே பயணிகள் செம்போர்னாவுக்கு வருகிறார்கள் என்பது அவர்களுடைய அனுபவம். தீபகற்பத்தின் உள்நாட்டு ஊர்களுக்கு அந்த வாதம் எட்டுவதில்லை. ஈப்போவிலோ செமோரிலோ முக்குளிக்கும் கடல் இல்லை. இங்கே பேச வேண்டியது விருந்தளிப்பவரின் கௌரவத்தைப் பற்றி.

கௌரவம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும் என்பதற்குக் குஜராத் ஒரு சான்று. சௌராஷ்டிரக் கடற்கரையில் திமிங்கலச் சுறாவை வேட்டையாடி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். மைக் பாண்டேயின் ஆவணப்படம் அந்த வேட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2001-இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2004-இல் இந்தியக் காட்டுயிர் அறக்கட்டளை தொடங்கிய பரப்புரையில் ராமகதை சொல்லும் மொராரி பாபு கலந்துகொண்டு, அந்தச் சுறாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளாகப் பேசினார். மீனவர் அதை ஏற்றுக்கொண்டார்கள். வலையில் சிக்கிய திமிங்கலச் சுறாவை விடுவிக்க விலை மிகுந்த வலையையே அறுத்தார்கள். நூற்றுக்கணக்கானவை அப்படிக் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. வலைக்கு இழப்பீடு தரப்பட்டது உண்மை. ஆயினும் மகளை விற்பவர் என்ற பெயரை யாரும் விரும்பவில்லை என்பதே பெரிய விசையாக இருந்தது.

துடுப்புக்கு மாற்றாக ஒன்றைத் தருவதும் உதவும். சுவை சாற்றில்தான் இருக்கிறது என்பதால் இழையை மாற்றுவது எளிது. ஜெலட்டின், அகர் போன்றவற்றால் செய்த போலி இழையைக் கொண்டு முட்டை, காளான், நண்டுச் சுவையூட்டிய மீன்துண்டு சேர்த்து, மேலே கறுப்புக் காடி ஊற்றி மலேசியாவின் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தைகளில் விற்கும் சூப் மலிவானது, பலருக்கும் பிடித்தமானது. ஆனால் மலிவு என்பதே கல்யாண மேசையில் அதற்குத் தடை. அங்கே மீன் காற்றுப்பை, நண்டு, கோழி முதலியவற்றைக் கொண்டு செய்யும் கெட்டியான சூப்புகள் பொருத்தமாக அமைகின்றன. எல்லா மாற்றும் குற்றமற்றதல்ல. காற்றுப்பைக்காகச் சில பெரிய மீன் இனங்கள் வேட்டையாடப்படுகின்றன. ஓர் ஆடம்பரத்தை அகற்றிய இடத்தில் இன்னொன்றை ஏற்றுவது பிரச்சினையை வேறு மீனின் தலையில் சுமத்துவதாகவே முடியும்.

தேவை குறைந்ததா என்று அளப்பதும் நேரான வேலை அல்ல. சீனா 2000-இல் உறைந்த துடுப்பை உறைந்த சுறா இறைச்சிக் கணக்கில் சேர்த்துவிட்டதால் அதன் துடுப்பு இறக்குமதி தாளில் சரிந்தது. 2012-இல் ஹாங்காங் சுங்கக் குறியீடுகளை மாற்றியபோதும் இதே குழப்பம் எழுந்தது. அறிக்கைகளில் வரும் வீழ்ச்சியில் எது உண்மையான வீழ்ச்சி, எது கணக்குப் புத்தகத்தின் இடமாற்றம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சீனாவில் குறையும்போதே பிற இடங்களில் தேவை நிலைத்திருப்பதும் தெரிகிறது. 2017-இல் தாய்லாந்து நகரவாசிகளிடம் எடுத்த கணக்கெடுப்பில் 57 விழுக்காட்டினர் துடுப்பு உண்டிருந்தார்கள். 61 விழுக்காட்டினர் இனியும் உண்ணும் எண்ணத்தில் இருந்தார்கள். அங்கும் அவர்கள் அதை உண்ட இடங்களில் முதலில் நின்றது கல்யாணம்.

மலேசியக் கடலில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே துடுப்பை அறுத்து உடலைக் கடலில் எறியும் வழக்கம் பரவலாக இல்லை. சுறா பெரும்பாலும் மற்ற மீன்களுக்காக இழுக்கும் இழுவை வலையிலும் செவுள் வலையிலும் தற்செயலாகச் சிக்குகிறது. முழு உடலாகவே கரைக்கு வருகிறது. பேராக் கடற்கரையின் லாருட் மாத்தாங், ஊத்தான் மெலிந்தாங் இறங்குதளங்களில் மலேசிய மீன்வளத் துறையினர் இனவாரியாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மலாக்கா நீரிணையிலிருந்து அங்கே வருபவற்றில் மூங்கில் சுறா போன்ற சிறிய கரையோர இனங்கள் முக்கிய இடம் பெறுகின்றன. அவற்றின் துடுப்புக்குப் பெரிய விலை கிடையாது. இறைச்சி உள்ளூர்ச் சந்தைக்குப் போகிறது. உலக அளவிலும் எடை இறைச்சிப் பக்கம் சாய்ந்துவிட்டது. 2012 முதல் 2019 வரை சுறா, திருக்கை இறைச்சியின் பன்னாட்டு வணிக மதிப்பு 260 கோடி அமெரிக்க டாலர். துடுப்பின் மதிப்பு 150 கோடி.

ஆகவே துடுப்பை மட்டும் சீனர் மேசையில் தேடிக் குறைசொல்வது தமிழருக்கு எளிதாக இருக்கலாம், நியாயம் ஆகாது. ஈக்கான் யூ என்று பசாரில் விற்கும் சுறா தமிழ் வீட்டு அடுக்களையிலும் வேகிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டு செய்து கொடுப்பது தமிழ்நாட்டிலிருந்து தோட்டக் குடும்பங்களோடு கப்பலேறி வந்த வழக்கம். சுறாவை முதலில் வேகவைத்து நீரை வடித்து, தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் வெங்காயமும் மிளகும் சேர்த்துப் புரட்டுவதில் ஓர் அறிவியலும் இருக்கிறது. கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்கச் சுறா தன் தசையில் யூரியாவைச் சேமித்து வைக்கிறது. மீன் இறந்தபின் அது அம்மோனியாவாகச் சிதைந்து நாறும். வேகவைத்து வடித்த நீரோடு அதன் பெரும்பகுதி போய்விடும்.

அந்த நீரோடு போகாத ஒன்று பாதரசம். ஆலைப் புகையிலிருந்தும் எரிமலையிலிருந்தும் கடலில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில்பாதரசமாக மாற்றுகின்றன. சிறிய உயிரைப் பெரியது தின்னும் ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடுகிறது. உணவுச் சங்கிலியின் உச்சியில் நின்று நெடுங்காலம் வாழும் பெரிய சுறாவின் தசையில் அது மிகுதியாகச் சேர்கிறது. தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால் வேகவைத்தாலும் பொரித்தாலும் நீங்காது. கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் வளரும் மூளையையே அது முதலில் தாக்கும். தாய்ப்பால் வழியாகவும் ஓரளவு குழந்தைக்குச் செல்லும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்கச் சொல்லும் மீன்களின் பட்டியலில் சுறா இருக்கிறது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், சுறா இறைச்சியில் மெத்தில்பாதரசம் கிலோவுக்கு 1.6 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2018-இல் வரம்பு விதித்தது. ஹாங்காங் சந்தையிலிருந்து எடுத்துச் சோதித்த துடுப்புகளிலும் பாதரசம் அந்நகரின் சட்ட வரம்பை மீறியிருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது.

எந்தத் தாய்க்கு எதைக் கொடுக்கக் கூடாதோ அதையே அன்போடு கொடுத்து வருகிறோம் என்பது வருத்தம் தரும் செய்தி. பால் சுரப்பு முதன்மையாகக் குழந்தை அடிக்கடி வாய்வைத்து உறிஞ்சுவதையும் தாயின் பொதுவான ஊட்டத்தையும் பொறுத்தது. சுறாவில் கிடைக்கும் புரதம் கெம்போங்கிலும் நெத்திலியிலும் உண்டு. இவை சிறிய, குறைந்த ஆயுள் கொண்ட மீன்கள்; பாதரசம் மிகக் குறைவு; விரைவில் பெருகுபவை. கெம்போங்கை வேகவைத்து முள் நீக்கி உதிர்த்து, அதே பூண்டும் மிளகும் சேர்த்து அதே புட்டைச் செய்யலாம். தாய்சேய் நலக் கிளினிக்கின் தாதி பிரசவத்துக்கு முந்தைய சந்திப்பில், குடும்பத்து மூத்த பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னால் போதுமானது. கல்யாண மேசையில் முடிவெடுப்பவர்கள் பெற்றோர் என்றால், பிள்ளை பெற்ற வீட்டில் முடிவெடுப்பவர்கள் பாட்டியும் அத்தையும். அவர்கள் பசாரில் கேட்காத மீனுக்கு மீன்காரர் விலை கூட்டிச் சொல்ல மாட்டார். ஆனால் தற்செயலாகச் சிக்கிய சுறா விலைபோகாவிட்டாலும் வலையில் செத்தே இருக்கும். அந்த இழப்பைக் குறைப்பது இழுவைப் படகுகளின் எண்ணிக்கை, குட்டிகள் வளரும் கரையோர நீரில் மீன்பிடிக்கத் தடை, வலையிலிருந்து பெரிய மீன்கள் தப்ப வழிவிடும் கம்பித் தடுப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. அது மீன்வளத் துறையின் கையில் இருக்கிறது.